ஒரு பெட்டிக்கு ஒரு நம்பர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். டேட்டாபேஸை எப்படி வடிவமைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் இன்றைக்கு என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நான் போட்ட ஒரு கோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கோடு தப்பு. அது எனக்குத் தெரியவர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஓசூரில், லாரிகளுக்கு ஸ்டியரிங் ஆர்ம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஸ்டியரிங் ஆர்ம் என்றால், ஓட்டுநர் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் எஃகுக் கை. முழங்கை நீளம் இருக்கும். அது முறிந்தால் ஓட்டுநர் ஒரு பக்கம் திருப்புவார், சக்கரம் தன்பாட்டுக்கு இன்னொரு பக்கம் போகும். தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன எனக்கு, எதிரே சூளகிரி இறக்கத்தில் வரும் ஒவ்வொரு லாரிக்குள்ளும் எங்கள் சாமான் இருக்கலாம் என்பது தெரியும். ஆனால் அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை. என் வேலை கம்ப்யூட்டரில்தானே.

அந்த வருஷம்தான் டேட்டா மாடல் வரையும் மென்பொருளை பெங்களூரிலிருந்து வாங்கினோம். ஃபிளாப்பிகளில் வந்தது. அதுவரை நோட்டில் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த எனக்கு அது பெரிய சந்தோஷம். படத்தில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் கோடுகளும் கூடவே நகரும். நாம் வரைந்த படத்திலிருந்து அதுவே டேபிள்களை எழுதிக்கொடுக்கும். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்த என் அத்தா, "படம் போடறதுக்கா ஓசூர் வரைக்கும் போற?" என்று கேட்பார். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அந்தப் படத்தில் ஒரு கட்டத்தை இன்னொன்றோடு இணைக்கும் கோட்டில், உங்களுக்குத் தெரிந்த அதே காக்கைக் கால்தான். கோட்டின் முனையில் ஒற்றைக் கோடு போட்டால் 'ஒன்று', மூன்று விரல் விரித்தால் 'பல'. ஒரு முனையில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் நம் தொழிலே இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் எஃகுத் துண்டுகளை அடித்து வடிவாக்கிய பிறகு உலைக்கு அனுப்புவார்கள். செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்தால் துண்டு கெட்டிப்படும். ஒரு தடவை உலைக்குள் போகும் மொத்தச் சரக்குக்குப் பெயர் சார்ஜ். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஒரு நம்பர். வெளியே வந்த துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, பெட்டியோடு ஓர் அட்டையை அனுப்புவார்கள். எந்தப் பெட்டி எந்த சார்ஜில் போனது என்று அந்த அட்டையில் எழுதியிருக்கும். அந்த அட்டைகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

நான் முறையாகத்தான் செய்தேன். முப்பது அட்டைகளுக்கு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு பிரிவு ஆட்களையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். உலைப் பிரிவிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். கூடவே ஆபரேட்டர் மாதப்பாவும் வந்தார். கர்நாடக எல்லையில் இருக்கும் தளிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். ஏசி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பெட்டியில் இருக்கிற துண்டு எல்லாம் ஒரே சார்ஜ்ல போனதுதானா?" என்று கேட்டேன்.

"ஒரே சார்ஜ்தான் மேடம். வேற எப்படி இருக்கும்?" என்றார் சூப்பர்வைசர்.

மாதப்பா வாயைத் திறந்தார். "சில டைம்ல..." என்றார். சூப்பர்வைசர் அவரைத் திரும்பிப் பார்த்தார். மாதப்பா வாயை மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சார்ஜ் பக்கம் ஒற்றைக் கோடு போட்டேன். ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு சார்ஜ் நம்பர்.

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் பஸ்ஸுக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாதப்பா எங்கள் பிரிவு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அப்போதைய விதி. அவர் கழற்றவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"மேடம், ஒரு பெட்டிக்கு ரெண்டு நம்பர் போடணும்னா எங்க போடறதுங்க? ஒண்ணு போட்டா இன்னொண்ணு எடுக்க மாட்டேங்குது."

"ரெண்டு வராது அண்ணா. ரூல் அப்படித்தான் வெச்சிருக்கு. முதல்ல போட்டது எதுவோ அதையே போடுங்க, போதும்."

"செரிங்க மேடம்" என்று போய்விட்டார். எதற்கு இரண்டு நம்பர் என்று நான் கேட்கவில்லை. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன்.

இதிலிருந்து நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை, லாரி தயாரிக்கும் வாடிக்கையாளரிடமிருந்து தொழிற்சாலை மேலாளருக்குப் போன் வந்தது. வண்டியில் பூட்டி நட்டை முறுக்கும்போதே ஓர் ஆர்ம் விரிசல் விட்டிருக்கிறது. பெட்டி நம்பரையும் சொல்லி, கெட்ட துண்டுகள் வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று உடனே தெரிய வேண்டும் என்றார்கள். நல்லவேளை, எங்கள் ஆட்களுக்குக் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் எண்ணெய்த் தொட்டியைக் குளிர்விக்கும் குழாய் ஓட்டையாகி, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. அன்றே அடைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு சார்ஜ் அந்த எண்ணெயில் இறங்கிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் சார்ஜ். காய்ச்சிய எஃகு தண்ணீர் கலந்த எண்ணெயில் இறங்கினால் உள்ளுக்குள் முடியளவு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஷமீமா, 412-ல போன பெட்டி எல்லாம் வேணும்."

இரண்டு நிமிஷத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். பதினான்கு பெட்டிகள். ஒன்பது எங்கள் கிடங்கிலேயே இருந்தன, ஐந்து வாடிக்கையாளரிடம். எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்தாயிற்று. "பழைய அட்டையா இருந்தா மூணு நாள் தேடியிருப்போம்மா" என்றார் மேலாளர். எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. அன்று மூன்று மணிக்கு வடக்கே இன்னொரு வாடிக்கையாளருக்கு ஒரு லாரி கிளம்ப வேண்டும். அதில் ஏற்றியிருந்த பெட்டி ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. லாரி போகலாம் என்று முடிவாயிற்று.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பட்டியலை மறுபடி பார்த்தேன். சந்தேகத்தால் இல்லை, பெருமையில்தான் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. விரிசல் விட்ட அந்தத் துண்டு வந்த பெட்டி, பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டரில் தேடினேன். அந்தப் பெட்டி 409-ஆம் சார்ஜில் போனதாக இருந்தது. குழாய் ஓட்டையாவதற்கு முந்தின நாள் சார்ஜ் அது.

மேலாளரிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டு, "அவங்க லைன்ல பெட்டியை மாத்தி வெச்சிருப்பாங்கம்மா. இல்லைன்னா போன்ல நம்பரைத் தப்பா சொல்லியிருப்பாங்க" என்றார். பக்கத்திலிருந்த சூப்பர்வைசரும் அதையே சொன்னார்.

அது நடக்கக்கூடியதுதான். அதை நம்பிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பதினான்கு பெட்டியும் சரியாகக் கிடைத்திருக்கிறது, ஒன்றே ஒன்று ஒட்டவில்லை என்றால் அந்த ஒன்றில்தான் தப்பு என்று சொல்லிவிடலாம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ரிப்போர்ட் முழுக்கச் சரியாக இருக்கும், ஒரு வரி மட்டும் ஒட்டாது. சுற்றியிருக்கும் எல்லோரும் அந்த வரியைத் தள்ளிவிடக் காரணம் வைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய நிஜம். விரிசல் விட்ட துண்டு ஒன்று வாடிக்கையாளரின் மேஜைமேல் கிடக்கிறது. மீதிப் பதினான்கும் என் கம்ப்யூட்டர் சொன்னவை.

அப்போதுதான் செருப்போடு வாசலில் நின்ற மாதப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

உலைக் கொட்டகைக்கு அதற்குமுன் நான் இரண்டு தடவைதான் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். மாதப்பா ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மாதப்பா அண்ணா, 409-ல போன துண்டு எதுவும் மறுபடி 412-ல போயிருக்குமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "கேக்கறது யாருங்க? நீங்களா, ஆபீஸா?"

"நான்தான் அண்ணா."

"நீங்க கேட்டாலும் ஆபீஸ்தானே மேடம்."

"மூணு மணிக்கு ஒரு லாரி போகுது. அதுல விரிசல் விட்ட துண்டு இருக்குமான்னு எனக்குத் தெரியணும்."

அவர் கொட்டகை வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. "கெட்டியாவாம சாஃப்டா வர்ற துண்டு இருக்குது இல்லீங்களா, அதைத் தனியா எடுத்து வெப்போம். அடுத்தடுத்த சார்ஜ் போடும்போது ட்ரே ஓரத்துல எடம் இருந்தா சேத்து வுட்டுருவோம். வெளிய வந்ததும் அதோட பழைய பெட்டியிலயே போட்டுருவோம். பெட்டிக்குப் பத்து, பதினஞ்சு துண்டு இப்படி இருக்கும்."

"யார் சொல்லி?"

"ஏன் மாடோது மேடம்..." கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "என்ன பண்றது? சூப்பர்வைசர் சொல்றாரு. எண்ணிக்கை கொறையக் கூடாதுன்னு சொல்றாரு. எல்லாம் வாயாலதான். மேல ஆபீஸுக்குத் தெரியாது."

"பழைய அட்டையில எழுதுவீங்களா?"

"பின்னாடி எழுதுவோங்க, பென்சில்ல. ரெண்டாவது சார்ஜ் நம்பர். இப்ப அட்டைதான் இல்லியே. அதுக்குத்தான மேடம் அன்னிக்கு வந்து கேட்டேன்."

நான் வாங்கிப் படித்த முப்பது ஜெராக்ஸும் அட்டையின் முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தை யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் சிஸ்டம் வருவதற்கு முன் அந்த நம்பர் பென்சிலிலாவது இருந்தது. நான் வந்துதான் அதற்கு இடமில்லாமல் செய்தேன்.

"இப்ப எங்கயுமே எழுதறதில்லையா?"

"என் ஷிஃப்டுக்கு மட்டும் எழுதறேன்" என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். "எனக்காவது தெரியணும் இல்லீங்களா." பிரித்துக் காட்டினார். எல்லாம் கன்னட எழுத்து. அந்தக் கொட்டகையில் கன்னடத்தில் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். டைரியை நான் வாங்கிக்கொண்டு போனால் யாருடையது என்று யாரும் கேட்கவே வேண்டாம்.

"இது தெரிஞ்சா எனக்கு வேலை போயிருங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

போகாது என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதனால் சொல்லவில்லை. "உங்க பேர் இல்லாம நான் போய்ச் சொல்லிப் பாக்கறேன். நம்புவாங்களான்னு தெரியலை. ஆனா லாரி போகக் கூடாது அண்ணா" என்றேன்.

மேலாளர் அறையில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "சார், அந்தப் பட்டியல் தப்பு. ஒரு துண்டு ரெண்டு தடவை உலைக்குப் போக முடியும். என் டிசைன்ல அதுக்கு இடம் இல்லை. அது என் தப்பு. 412-க்குள்ள வேற பெட்டித் துண்டுங்களும் போயிருக்கு. லாரியை நிறுத்தணும்."

"ரீவொர்க்கா? அந்த மாதிரி எதுவும் இங்க நடக்கறதில்லை சார்" என்றார் சூப்பர்வைசர். "யாரும்மா சொன்னது?"

"யார் சொன்னாலும் லாரி போகக் கூடாது சார்" என்றேன் மேலாளரிடம். மேலாளர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். ஆதாரம் இல்லாமல் ஒரு லாரியை நிறுத்தினால் அங்கே ஒரு தொழிற்சாலையின் லைன் நிற்கும். அவர் தயங்கியதை நான் இன்றுவரை குறையாக நினைக்கவில்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாதப்பா. செருப்பை வெளியே விட்டுவிட்டு டைரியோடு உள்ளே வந்தார். "மேடத்துக்குக் கன்னடம் படிக்க வராது சார். நானே படிக்கறேன்" என்றார்.

நின்றுகொண்டே படித்தார். 412-இல் அவர் சேர்த்துப் போட்டது மூன்று பெட்டித் துண்டுகள். முதலாவது, விரிசல் விட்ட அதே பெட்டி. இரண்டாவது கிடங்கில் இருந்தது. மூன்றாவது பெட்டியின் நம்பரை அவர் படித்ததும் மேலாளர் கேட்டுக்குப் போன் போட்டார். லாரி கேட்டில் பேப்பரோடு நின்றுகொண்டிருந்தது. இறக்கச் சொன்னார்.

அதோடு முடியவில்லை. ஓட்டை விழுந்த அன்று காலை ஷிஃப்டு மாதப்பாவுடையது. சார்ஜை ஏற்றியது அவர். வெளியே எடுப்பதற்குள் அடுத்த ஷிஃப்டு வந்துவிட்டது. அவர்கள் எந்தத் துண்டை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. "அப்போ எத்தனை பெட்டியை நிறுத்தணும்?" என்று மேலாளர் என்னைக் கேட்டார். ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம் போலிருந்தது. "தெரியாது சார். அந்தத் தேதிக்கு முன்னாடி பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் நிறுத்தணும்" என்றேன். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் 'தெரியாது' என்று சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

ஐந்து நாள் எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். காந்தப்பொடி கரைத்த திரவத்தை ஊற்றி, இருட்டறையில் ஊதா வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நானும் போய் நின்றேன். லாரியிலிருந்து இறக்கிய பெட்டியில் பதினோராவது துண்டைத் திருப்பியபோது அதன் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு மின்னியது. தலைமுடி அளவுதான். வெளியே வந்து நின்றேன். அந்தப் பெட்டியிலேயே இன்னொன்றும், என் பட்டியலில் இல்லாத மற்றப் பெட்டிகளில் ஐந்தும் கிடைத்தன. வாடிக்கையாளர் தன் பக்கம் பூட்டிய வண்டிகளையெல்லாம் பிரித்துப் பார்த்தார். ஒரு வண்டிகூட அதற்குள் சாலைக்குப் போயிருக்கவில்லை. அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதிர்ஷ்டம்தான்.

சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மாதப்பாவுக்கு, அனுமதியில்லாமல் மறுபடி உலையில் போட்டதற்கு மெமோ வந்தது. அவர் இரண்டு நம்பர் போட என்னிடம் இடம் கேட்டதையும், நான் மறுத்ததையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தையும் ஃபைலில் வைத்தார்கள். வேலை போகவில்லை, ஆனால் மெமோவும் ரத்தாகவில்லை. கொஞ்ச நாள் மாதப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

மாடலை மறுபடி வரைய வேண்டியிருந்தது. மென்பொருளில் அது அரைமணி நேர வேலை. பெட்டிக்கும் சார்ஜுக்கும் நடுவில் இன்னொரு டேபிள், இரண்டு பக்கமும் காக்கைக் கால். ஆனால் இந்தத் தடவை மீட்டிங் அறைக்கு யாரையும் கூப்பிடவில்லை. படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டி, உலைக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். மூன்று ஷிஃப்டுக்கும் போய் நின்று, இதில் எது பொய் என்று கேட்டேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒருவர், ட்ரேயைப் பாதியில் எடுத்துவிட்டு மீதியை விடுவதும் உண்டு என்றார். மூன்றாம் நாள் எனக்கு எழுத நோட்டில் இடம் போதவில்லை.

மேலாளர் அந்த டேபிளில் ஒரே ஒரு பத்தி கூடுதலாகக் கேட்டார். மறுபடி போடும் ஒவ்வொரு தடவையும், போட்டவர் பெயர் வேண்டும். படத்தில் சேர்த்துவிட்டு மாதப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"பேர் போட்டா எவனும் எழுத மாட்டான் மேடம். எழுதினவனுக்குத்தான மெமோ வந்துச்சு. எழுதாதவனுக்கு ஒண்ணும் வரலியே."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். மேலாளரிடம் போய் எடுத்துவிட்டதைச் சொன்னேன். கோபப்பட்டார். "யார் செஞ்சாங்கன்னு தெரியாம இந்த டேட்டாவை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார். "என்ன நடந்துச்சுன்னு தெரியும் சார். பேரைக் கேட்டா அதுவும் தெரியாமப் போயிடும்" என்றேன். ஒரு மாதம் பார்க்கலாம், அப்புறம் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் போனேன். மறுபடி உலைக்குப் போன துண்டுகளின் கணக்கு மட்டும் மூன்று பக்கம் வந்திருந்தது. மூன்று ஷிஃப்டும் எழுதியிருந்தார்கள். மேலாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகம் வெளிறிவிட்டது.

"இவ்வளவு நடக்குதாம்மா நம்ம பிளான்ட்ல?"

"முன்னாடியும் நடந்துச்சு சார்."

அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். பென்சிலை எடுத்து, எந்தெந்த நாளில், எந்த உலையில் சாஃப்டான துண்டுகள் அதிகம் வந்தன என்று வட்டம் போட ஆரம்பித்தார். எல்லா வட்டங்களும் இரண்டாம் நம்பர் உலையின் வரிகளிலேயே விழுந்தன. அவர் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் செய்து, அந்த உலையை நிறுத்தித் திறந்து பார்க்கச் சொன்னார். பெயர்ப் பத்தியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை.